காசல்ரீ கரையில் சமவுயரக் கோடு

அன்பின் சேர்,

அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் பத்தாம், பதினோராம் ஆண்டுகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். சுவரில் ஒரு பழைய உலகப் படம் தொங்குகிறது, வேறு எதுவும் இல்லை. மலை, ஆறு, பாதைகளைக் காட்டும் இடவிளக்கப் படத்தை விரித்தாலே பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். சமவுயரக் கோடு பாம்பு மாதிரி இருக்கிறது என்றான் ஒரு பையன். எல்லாவற்றையும் பாடமாக்கித்தான் எழுதுகிறார்கள். கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்தால் போதும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். நீங்களும் இந்தப் பாடம் படிப்பித்தவர்தானே, என்ன செய்யலாம்?

ஓர் ஆசிரியை

அன்பின் டீச்சர்,

அந்தப் பையனிலிருந்தே தொடங்குங்கள். பாம்பு மாதிரி என்று சொல்கிறவன் கோட்டை உற்றுப் பார்த்திருக்கிறான், அதற்குப் பின்னால் இருக்கும் மலைதான் அவனுக்கு இன்னும் தெரியவில்லை. பண்டாரவளைப் பக்கம் நான் படிப்பிக்கத் தொடங்கிய முதல் இரண்டு வருடமும் கரும்பலகையில் கோடு போட்டு, "ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு" என்று பக்கத்தில் எழுத, பிள்ளைகள் அதைக் கொப்பியில் இறக்கிக்கொண்டார்கள். பரீட்சையில் வரைவிலக்கணம் சரியாக வந்தது. படத்தைக் கொடுத்து, இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டபோது பாதிப் பேர் ஆற்றை மேட்டை நோக்கி ஓடவிட்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கவலை இன்னும் போகவில்லை.

உங்களுக்கு என்னைவிட நல்ல இடம் வாய்த்திருக்கிறது. பெப்ரவரி, மார்ச்சில் மழை குறைந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும்போது கரையைப் பாருங்கள், வெறும் மண்ணில் ஒன்றின்கீழ் ஒன்றாக வரி வரியாகத் தெரியும், தண்ணீர் சில நாள் நின்று, பிறகு இறங்கி, மறுபடி நின்ற அடையாளம் அது. தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும், ஆகவே ஒவ்வொரு வரியும் ஒரு சமவுயரக் கோடு. கரை செங்குத்தாக உள்ள இடத்தில் வரிகள் நெருங்கியிருக்கும், மெல்லச் சரிகிற இடத்தில் விலகியிருக்கும், ஓடை வந்து சேரும் மூலையில் ஓடையின் மேல்பக்கமாக உள்ளே வளைந்துபோகும். அந்த வளைவை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளை ஆற்றை மேட்டுக்கு ஓடவிடாது. கூட்டிக்கொண்டு போக அனுமதியும் பஸ் காசும் கிடைக்காவிட்டால் ஒரு பேசினில் களிமண்ணால் மலை செய்து, தண்ணீரை ஒவ்வொரு சென்ரிமீற்றராக ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் ஈர்க்கால் கீறச் சொல்லுங்கள். பிறகு மேலேயிருந்து பார்த்து வரையட்டும். அதற்கு அப்புறம் 1:50,000 இடவிளக்கப் படத்தை விரித்து, அதில் 20 மீற்றருக்கு ஒரு கோடு என்று சொன்னால் போதும்.

இன்னொன்று, தேயிலை மலையில் மழைநீர் வடிய வெட்டும் கான். உங்கள் வகுப்பில் கான் வெட்டுகிறவரின் பிள்ளை கட்டாயம் இருக்கும். சரிவுக்குக் குறுக்கே ஏன் வெட்டுகிறார்கள், மேலிருந்து நேராகக் கீழே வெட்டினால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். மண் கழுவிப்போகும் என்று அப்பா சொல்வார், தண்ணீர் தேங்காமல் நகர ஒரு சின்னச் சரிவு விடுவதையும் சொல்வார். கான் ஏறக்குறைய சமவுயரக் கோட்டில் போகிறது, முழுக்க அல்ல. அந்த வித்தியாசத்தை ஒரு தொழிலாளியின் வாயிலிருந்து கேட்டு வரும் பிள்ளைக்கு, தன் அப்பாவின் வேலை புத்தகத்துக்கு வெளியே நிற்கும் விஷயம் அல்ல என்பதும் தெரியும். எனக்கு இது பரீட்சைப் புள்ளிகளைவிடப் பெரிய காரியம்.

அட்டன் நகரமே ஒரு பாடம்தான். ஒரு பக்கம் விழும் மழை அட்டன் ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகிறது, 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. டிக்கோயாப் பக்கம் விழுவது காசல்ரீ வழியாகக் களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. அண்ணன் கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பருவக்காற்றை விளக்க ரயில் போதும். ஜூன், ஜூலையில் பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில் உள்ள சுரங்கத்துக்குள் மூடுபனியோடு நுழைந்து, அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வருகிற நாட்கள் உண்டு. தென்மேற்குக் காற்று மழையை உங்கள் பக்கம் கொட்டிவிட்டுக் காய்ந்துபோய் ஊவாவுக்கு வருகிறது, அந்தக் காய்ந்த காற்றில்தான் எங்கள் பக்கத்துத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை வாசம் கூடுகிறது. உங்கள் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. வறட்சியில் கொழுந்து குறையும், வீட்டுக்கு வரும் காசும் குறையும். இதைப் பிள்ளைகளே சொல்லுவார்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது பலருக்கு வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகளைக் கரும்பலகை ஓரத்தில் வருடம் முழுக்க எழுதி வையுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் தயாராக இருக்க வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். நேர்ச்சுவர் உள்ள ஒரு டின்னும் அடிமட்டமும் இருந்தால் பிள்ளைகளே மழை அளக்கலாம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றைக் கண்டால் வீட்டில் சொல்லும் தைரியமும் அவர்களுக்கு வேண்டும். ராத்திரி மழையில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க மாட்டார், பதினைந்து வயதுப் பிள்ளைதான் லயத்தில் இருக்கும்.

வினாத்தாள்களை விடச் சொல்லவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுப்பது நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாம் தவணையில் வாரம் ஒன்று செய்வியுங்கள், ஆனால் பேசினும் டின்னும் முதலாம் தவணையிலேயே வகுப்புக்குள் வந்துவிட வேண்டும்.

மார்ச்சில் காசல்ரீ கரைக்குப் போனால் அந்தப் பையன் வரைவதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.