பெட்டிக்கு முன்னால் ஒரு தராசு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். தொழிற்கல்விப் பிரிவு, அடிப்படை இயந்திரவியல். மார்க் குறைந்தவர்கள் எடுக்கிற குரூப் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். எனக்கு டிசைன் படிக்க ஆசை. இந்த குரூப்பில் இருந்து போக முடியுமா? புராஜெக்ட்டுக்கு சோலார் கருவாட்டுப் பெட்டி செய்யப் போகிறேன். இரண்டுக்கு இரண்டு அடி பிளைவுட், மேலே கண்ணாடி, உள்ளே கறுப்பு பெயின்ட், கம்ப்யூட்டர் ஃபேன், ஆர்டுயினோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, சூடும் ஈரப்பதமும் அளக்கிற டி.எச்.டி.11 சென்சார். பத்து கிலோ நெத்திலியை ஒரே நாளில் காயவைக்க வேண்டும். அம்மா இப்போது கரையில் மணல்மேல் பழைய வலையை விரித்துத்தான் காயவைக்கிறார்கள். படம் வரைய எந்த சாஃப்ட்வேர் நல்லது?

ம., தங்கச்சிமடம்

அன்புள்ள தங்கச்சி,

சொந்தக்காரர்கள் பேச்சை விடு. போக முடியும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வுக்கு பிளஸ் டூவில் எந்தப் பிரிவு என்பது தடையில்லை. முதல் கட்டம் தாண்டியவர்களிடம் பொருளைக் கொடுத்து மாதிரி செய்யச் சொல்வதும் அங்கே உண்டு. அரம் பிடித்துப் பழகிய கைக்கு அதில் நஷ்டமில்லை. சாஃப்ட்வேர் இப்போதைக்கு வேண்டாம். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும், அளவை மில்லிமீட்டரில் எழுது.

பெட்டிக்கு வருவோம். இது கொஞ்ச நாளாகவே மண்டையைக் குடைகிற விஷயம். புராஜெக்ட் செய்கிற பிள்ளைகள் எல்லோரும் ஆர்டுயினோவையும் சென்சாரையும் முதலில் வாங்கிவிட்டு, அதை எதில் மாட்டலாம் என்று பிறகு தேடுகிறீர்கள். பெட்டியின் அளவை எதை வைத்து முடிவு செய்தாய்? பிளைவுட் துண்டு அந்த அளவில் கிடைத்தது, அவ்வளவுதானே?

கணக்கைப் போடு. பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். பத்து கிலோவில் ஏழரை கிலோ தண்ணீர், இரண்டரை கிலோ சதை. கருவாட்டில் கால் பங்கு ஈரம் இருக்கலாம் என்று வைத்தால் கடைசி எடை சுமார் 3.3 கிலோ. ஆக 6.7 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மொத்தம் 16 மெகாஜூல். வெயிலுக்கு நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பஞ்சமில்லை, கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே வந்தது. நல்ல நாளில் ஒரு சதுர மீட்டரில் விழுவது 5 கிலோவாட் மணி என்று வை, அதாவது 18 மெகாஜூல். வீட்டில் செய்த பெட்டி அதில் 30 சதவீதத்தைப் பிடித்தாலே பெரிய காரியம்: 5.4 மெகாஜூல். அப்படியானால் உனக்கு வேண்டிய பரப்பு 3 சதுர மீட்டர். உன் பெட்டி 0.37. ஒரு நாளைக்கு அது எடுக்கக்கூடிய தண்ணீர் 800 கிராம் சொச்சம். பத்து கிலோவுக்கு எட்டு நாள். இரண்டாம் நாளே தெருவில் யாரும் நடக்க முடியாது.

இதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். அதைப் போடாமல் ஃபேன், சென்சார் என்று பட்டியல் போட்டிருக்கிறாய். கோபம்தான் எனக்கு.

சரி, குறைந்த மீனை வைத்தே பெட்டியை ஓட்டினாலும் அடுத்த தொல்லை வரும். ஈரக்காற்று வெளியேற மேலே வழி இல்லாவிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து மீன்மேலேயே சொட்டும். காற்று கீழே நுழைந்து மேலே போக வேண்டும். சூடு 50 டிகிரியைத் தாண்டவிட்டால் மீன் வெந்து உதிரும். முதல் சில மணி நேரத்தில் அதிகம் சூடேற்றினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மூட்டையில் நாறும்.

சென்சாரைப் பற்றி ஒரே வார்த்தை: டி.எச்.டி.11 ஈரப்பதத்தை ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ காட்டும், உப்புக்காற்றில் இன்னும் மோசமாகும். இரண்டு தெர்மாமீட்டர் வாங்கு. ஒன்றின் முனையில் ஈரத்துணி சுற்று. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, காற்று அவ்வளவு உலர்ந்திருக்கிறது. உப்புப் போட்ட கருவாடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். பொழுது சாய்ந்ததும் அம்மா எடுத்து மூடிவைப்பது அதனால்தான். கேட்டுப் பார், அவர் வேறு வார்த்தையில் சொல்வார்.

ஆணியையும் கவனி. சாதாரண இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு போட்டால் திருகைச் சுற்றி அலுமினியம் பொடிந்துபோகும். மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்க்கிற மூங்கில் மிதவையைப் பார்த்திருப்பாய், 3 மீட்டருக்கு 3 மீட்டர். கட்டுவதெல்லாம் கயிற்றால், அடியில் மீன் தின்னாமல் இருக்க ஒரு வலை. அந்தச் சட்டத்தையே கால் நட்டு நிறுத்தினால் 9 சதுர மீட்டர் பரண். மேலே வலை விரித்தால் காற்று அடியிலும் போகும், மணல் ஒட்டாது. ஈ முட்டையிடாமல் இருக்கக் கொசுவலை போடு, ஆனால் மீனைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில். தொட்டுக்கொண்டிருந்தால் ஈ வலைக்கு மேலிருந்தே முட்டையிடும்.

பெட்டியை விடச் சொல்லவில்லை. மூன்று தட்டில் அரை அரைக் கிலோ உப்பில்லா நெத்திலி வை: ஒன்று மணல்மேல் வலையில், ஒன்று பரணில், ஒன்று உன் பெட்டியில். காலை எட்டு மணியிலிருந்து மணிக்கொரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்து எழுது. எது முதலில் 170 கிராமுக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு, இறங்குகிறது என்று பார்ப்போம். மேகம் வந்தால் அதையும் குறித்துவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், மீன் விலை ஏறும், அதற்கு முன்னால் முடி.

பரணுக்கு எவ்வளவு உயரம் என்று நான் சொல்லவில்லை, கவனித்தாயா? அம்மா நாளெல்லாம் குனிந்து மீன் புரட்டுகிறார். தரையிலிருந்து அவர் இடுப்பு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அடுத்த கடிதத்தில் முதல் வரியில் எழுது.