காட்டில் விட்ட சொல்: 'பிவில்டர்' பற்றிக் கேள்வி பதில்

இந்த முறை 'பிவில்டர்' (bewilder) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

மேலூர், பிளஸ் டூ மாணவி: சார், 'பிவில்டர்டு' என்பதற்கு 'கன்ஃப்யூஸ்டு' என்று பொருள் எழுதினேன். சரிதானே?

மதிப்பெண் கிடைக்கும் தாயி. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. கன்ஃப்யூஸ் லத்தீனிலிருந்து வந்தது. 'சேர்த்து ஊற்றுவது' என்பது மூலப்பொருள். நாலு சங்கதி ஒன்றாகக் கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாத நிலை. நம்மிடமும் மனசு குழம்புகிறது, அடுப்பில் கொதிப்பதும் குழம்பு. அதே படம்தான்.

பிவில்டருக்குள் இருப்பது காடு. வழி தப்பி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பது. 'கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு' என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான்.

திருமங்கலம், ஆசிரியர்: காடு எங்கிருந்து வந்தது ஐயா?

'வில்டர்' என்று ஒரு பழைய வினைச்சொல் உண்டு. வழிதப்பச் செய்வது என்று பொருள். காட்டைக் குறிக்கும் 'வில்டர்னஸ்' என்ற சொல்லிலிருந்து அது கிளைத்திருக்கலாம் என்பதே பலர் கருத்து. அதன் முன்னால் 'பி' சேர்ந்து, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிவில்டர் புழக்கத்துக்கு வந்தது. அந்த 'பி'க்கு 'முழுக்க' என்று பொருள்.

வில்டர்னஸின் கதை இன்னும் அழகு. பழைய ஆங்கிலத்தில் 'வைல்டு', 'டியர்' இரண்டும் சேர்ந்த சொல் அதன் அடியில் இருக்கிறது. டியர் என்றால் இன்று மான். அன்றைக்கு எந்த விலங்கும் டியர்தான். ஆக, காட்டு விலங்குகள் திரியும் இடம் வில்டர்னஸ். மிருகம் என்ற சொல்லைப் பாருங்கள். வடமொழியில் அது விலங்கையும் குறிக்கும், மானையும் குறிக்கும். நமக்கு மிருகம் என்றால் விலங்கு. மிருகசீரிடம் என்று நட்சத்திரத்தைச் சொல்லும்போது மட்டும் மான் தலை. எங்கெங்கோ இருக்கும் இரண்டு ஊர்களில் விலங்கும் மானும் ஒரே சொல்லுக்குள் வந்து நிற்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே மெய்சிலிர்க்கும்.

உசிலம்பட்டி: வைல்டு என்கிறோமே, 'பிவைல்டர்' என்று சொல்லலாமா அண்ணே?

கூடாது. வில்டர்னஸ் போல, 'வில்' என்றே ஒலிக்க வேண்டும்.

செல்லூர், கல்லூரி மாணவர்: தமிழில் ஒரே சொல்லில் சொல்வதென்றால்?

திகைப்பு. மொழிபெயர்க்கிறவர்கள் எங்கே பார்த்தாலும் 'குழப்பம்' என்று போட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மலையடிவாரத்துப் பெரியவர்களிடம் திகைப்பூண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தச் செடியை மிதித்தவனுக்குப் பழகிய தடமே மறந்துபோய், சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவான் என்பது நம்பிக்கை. 'திகைப்பூண்டு மிதிச்சவன் மாதிரி நிக்கிறான்' என்பதைவிட நெருக்கமாக பிவில்டர்டை யாரும் மொழிபெயர்க்க முடியாது.

வில்லாபுரம்: 'அமேஸ்', 'மேஸ்' இரண்டும் உறவா?

உறவேதான். 'மேஸ்' முதலில் திகைப்பைத்தான் குறித்தது. சுற்றுவழி, புதிர்ப்பாதை என்ற பொருள் பிறகு வந்தது. நம் மதுரையில் வெளியூர்க்காரர் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு. தெற்குக் கோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு மேற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்தவரின் முகத்தில் தெரிவதுதான் பிவில்டர்மென்ட்.

அனுப்பானடி: குழம்பித் தடுமாற வைப்பதை 'டிஸ்கம்பாபுலேட்' என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பமா?

இல்லை. அது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் லத்தீன் மாதிரி ஒலிக்கட்டும் என்று விளையாட்டாகக் கட்டிய சொல்.

மேலூர் மாணவி மறுபடியும்: 'ஐ ஆம் பிவில்டரிங்' என்று எழுதினால் தப்பா சார்?

தப்பு தாயி. நிறையப் பேர் செய்கிற தப்பு. நீ திகைத்தால் 'பிவில்டர்டு'. உன்னைத் திகைக்க வைக்கிற கணக்கு, வினாத்தாள், ஊர் எல்லாம் 'பிவில்டரிங்'. காட்டுக்குள் நிற்கிற ஆளுக்கு 'டு', காட்டுக்கு 'இங்'.