கச்சான் காற்றுக்குப் பிறகு வாடி நிற்கும் சாடிச் செடிகள்

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, அடிக்கிற காலத்தில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கொழும்புக்குப் போய் ஆறு கிழமை நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பொடியன்தான் தண்ணீர் ஊற்றினான். வந்து பார்த்தால் விறாந்தையில் மணிபிளான்ட் மஞ்சளாகித் தொங்குகிறது, அந்தூரியத்தின் இலை நுனியெல்லாம் கருகியிருக்கிறது, முற்றத்து ரோசா வெறும் குச்சியாக நிற்கிறது. யூரியா போட்டால் தேறுமா?

பதில்: யூரியா இப்போது வேண்டாம் அக்கா. வேர் பழுதான செடிக்கு உரம் போட்டால் அது வேரிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துவிடும். புதுத் தளிர் வந்த பிறகு பார்க்கலாம், அதுவும் வழக்கத்தில் பாதி அளவு.

முதலில் ஒவ்வொரு சாடியிலும் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தண்ணீர் இல்லாமலும் செடி வாடும், தண்ணீர் கூடி வேர் அழுகினாலும் அதே மாதிரித்தான் வாடும். தொட்டுப் பார்க்காமல் ஊற்றினால் அழுகுகிற செடி அதோடு போய்விடும்.

மணிபிளான்டின் மண் ஈரமாக இருக்குமென்று நினைக்கிறேன். பொடியன் பாசத்தில் நாளாந்தம் ஊற்றியிருப்பான், விறாந்தை நிழலில் அது காயாது. சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, இறுக்கமாக இருப்பது நல்ல வேர். கபில நிறமாகி, பிடித்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று, நாறுவது செத்த வேர். அதையெல்லாம் சுத்தமான கத்தியால் வெட்டிவிட்டு, ஆற்று மணல் கலந்த புது மண்ணில், வேரின் அளவுக்கு ஏற்ற சின்னச் சாடியில் நடுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு இருக்கும். நல்ல கொடியில் கணுவோடு இரண்டு துண்டு வெட்டித் தண்ணீர்ப் போத்தலில் போட்டு வையுங்கள். தாய்ச்செடி தப்பாவிட்டாலும் இனம் கையில் இருக்கும்.

ரோசா வேறு கதை. தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பச்சை தெரியும் இடம்வரை மேலிருந்து வெட்டிவிடுங்கள். தேங்காய்த் தும்புத்தூள் கலந்த மண் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் சுருங்கிச் சாடியின் ஓரத்தை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளியால் ஓடிப்போகும், வேர் நனையாது. சாடியோடு தூக்கி ஒரு வாளித் தண்ணீரில் இறக்குங்கள். குமிழி வருவது நின்றதும், அரை மணித்தியாலத்துக்குள் எடுத்து நன்றாக வடியவிடுங்கள். ஒரு கிழமை நிழலில் இருக்கட்டும். பிறகு காலை வெயிலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பழக்குங்கள்.

அந்தூரியத்துக்குக் கச்சான் காற்றின் வறட்சி ஒரு காரணம். கிணற்று நீரும் காரணமாக இருக்கலாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற உங்கள் பக்கத்தில், கிணறு இறங்குகிற காலத்தில் சில வளவுகளில் தண்ணீர் கரிக்கும். சாடியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருந்தால் அது உப்பு. குழாய்த் தண்ணீரைச் சாடிக் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு மெதுவாக ஊற்றி, அடியால் வடியவிட்டுக் கழுவுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். நடுவில் வரும் புது இலை சுத்தமாக இருந்தால் செடி தேறிவிட்டது.

இலையின் அடிப்பக்கத்தையும் ஒருக்கால் திருப்பிப் பாருங்கள். வறண்ட காலத்தில் செஞ்சிலந்தி, அதாவது இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சி, கூடும். மெல்லிய நூல் வலை தெரிந்தால், அந்த இலைகளைத் தண்ணீரால் அடித்துக் கழுவுவதே முதல் மருந்து.

அடுத்த கச்சானுக்கு வெளியூர் போவதென்றால், சாடிகளை எல்லாம் வீட்டின் கிழக்குப் பக்க நிழலுக்கு நெருக்கமாக நகர்த்திவிட்டுப் போங்கள். பொடியனிடமும் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள்.