அதட்டும் அரசுக் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டார வாசகர் ஒருவரின் கேள்வி: “வங்கிக் கணக்கை மாற்றியதில் ஜைரோ (கணக்கிலிருந்து தவணை தானாகக் கழியும் ஏற்பாடு) நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. ஒரு தவணை தவறிவிட்டது. அதற்கு ஓர் அரசு அமைப்பு அனுப்பிய கடிதம் பள்ளிப் பிள்ளையைக் கண்டிப்பதுபோல் இருக்கிறது. ‘நினைவூட்டியும் செலுத்தத் தவறிவிட்டீர்கள், இனியும் தாமதித்தால் சட்ட நடவடிக்கை’ என்கிறார்கள். தாமதக் கட்டணம் வேறு. இத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டியவன் நான். நறுக்கென்று ஒரு பதில் எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது?”

எழுதலாம் ஐயா. ஆனால் இன்று வேண்டாம்.

இப்படிப்பட்ட கடிதத்தைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து உங்களுக்காக எழுதுவதில்லை. பணம் வரவில்லை என்று கணினி கண்டதும், தயாராக இருக்கும் வாசகங்களில் உங்கள் பெயரையும் தொகையையும் சேர்த்து அனுப்பிவிடுகிறது. நாளை விவகாரம் நீதிமன்றம் போனால், இந்தத் தேதியில், இந்தத் தொகைக்கு, முறையாக அறிவித்தோம் என்று அமைப்பு காட்ட வேண்டும். அதற்கேற்ப எழுதப்பட்ட வாசகங்கள் அவை. படிப்பவர் நீங்கள் என்றாலும், மனத்தில் வைத்து எழுதியது நீதிபதியை. மூன்று வருடமாகக் கட்டாமல் ஏய்ப்பவருக்கும் ஒரு தவணை மறந்தவருக்கும் அதே கடிதம்தான் போகிறது. உங்கள் நல்ல பெயர் அதில் காணாமல் போனது அப்படித்தான்.

அதற்காக இந்தத் தொனி சரி என்று நான் சொல்லமாட்டேன். சட்டத்துக்கு வேண்டியது தெளிவு, அதட்டல் அல்ல. அதிகாரிகள் எளிமையாகவும் தெளிவாகவும் எழுத வேண்டும் என்று அன்றைய பிரதமர் லீ குவான் இயூ 1979லேயே மூத்த அரசு அதிகாரிகளிடம் வலியுறுத்தினார். பிறகு மனிதவள அமைச்சும் பணிப்பெண் தீர்வையை (வெளிநாட்டுப் பணிப்பெண்ணை வைத்திருப்போர் அரசுக்குக் கட்டும் தொகை) கட்டத் தவறியவர்களுக்கான கடிதத்தை எளிமையாக்கி, இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டு அனுப்பிப் பார்த்தது. பணம் கட்டியவர்கள் கூடினார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன: ஒன்று கட்டணம், இன்னொன்று மரியாதை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். உங்கள் முறையீட்டைப் படிக்கும் அதிகாரியால் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியலாம். கடிதத்தின் வாசகத்தை மாற்ற அவரால் முடியாது. “என் வரிப்பணத்தில்தானே சம்பளம் வாங்குகிறீர்கள்” என்ற வரியைப் படித்துவிட்டு அவர் மனம் இளகுவார் என்றும் எதிர்பார்க்க முடியாது.

கோபத்தில் நாள் ஓடுவதுதான் பெரிய ஆபத்து. வருமான வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு தவறு என்று தோன்றினால், மதிப்பீட்டு அறிக்கையின் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். உறை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கில்லை. ஆட்சேபம் தெரிவித்திருந்தாலும் வரியை ஒரு மாதத்துக்குள் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் 5 விழுக்காடு அபராதம்; அப்புறமும் கட்டாவிட்டால் உள்நாட்டு வருவாய் ஆணையம் உங்கள் வங்கியிடமிருந்தோ முதலாளியிடமிருந்தோ நேரடியாக வசூலிக்கலாம். மற்ற அமைப்புகளின் கெடு வேறாக இருக்கும். கடிதத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள்.

ஆகவே, முதலில் தவறிய தவணையைக் கட்டிவிடுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்கும் தள்ளுபடிக்கு மதிப்பு கூடுதல். அப்புறம் கடிதத்தின் குறிப்பு எண்ணைப் போட்டு, இவ்வளவு எழுதினால் போதும்:

“தவணையை இன்று செலுத்திவிட்டேன். வங்கிக் கணக்கை மாற்றியதில் ஜைரோ நின்றதால் இத்தாமதம் நேர்ந்தது. வங்கியின் கடிதத்தை இணைத்துள்ளேன். இதற்குமுன் நான் தாமதித்ததில்லை. தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.”

முடியாது என்று பதில் வந்தால், உங்கள் தொகுதி எம்பி குடியிருப்பாளர்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்புக்குப் போகலாம். எம்பியின் கடிதம் முடிவை மாற்றும் என்று உறுதியில்லை. ஆனால் யாராவது ஒருவர் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டிவரும்.

பணப் பிரச்சினை முடிந்த பிறகு, நீங்கள் எழுத நினைத்த அந்த நறுக்கான கடிதத்தை எழுதுங்கள். அமைப்பின் சேவைத் தரத்தைக் கவனிக்கும் மேலாளருக்கு எழுதினால் நல்லது. “ஆணவமாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லாமல், எந்த வரி உறுத்தியது, அதற்குப் பதில் என்ன எழுதியிருக்கலாம் என்று சொல்லுங்கள். “உங்கள் ஜைரோ நின்றிருக்கலாம், சரிபாருங்கள்” என்று ஒரு வரி இருந்திருந்தால் உங்களுக்கு உதவியிருக்குமே, அதையே எழுதுங்கள்.

இன்னொன்று: மோசடிக்காரர்களும் இதே அதட்டலைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணையோ இணைப்பையோ நம்பாமல், அமைப்பின் இணையத்தளத்துக்கு நீங்களே போய், சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) மூலம் நுழைந்து, நிலுவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். அங்கேயே புதிய கணக்குக்கு ஜைரோ விண்ணப்பமும் போட முடிகிறதா என்று பாருங்கள். அது அங்கீகரிக்கப்படும்வரை அடுத்த தவணையை நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.