பக்கியில் ஏற்றிவிட்டால் பொறுப்பு தீருமா?

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா காலத்தில் கட்டிய அறையை, மகள் கல்யாணத்துக்கு முன் இடித்துவிட்டோம். செங்கல், சிமெண்ட் கட்டி, ஜன்னல், கூரையில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. பக்கி (பின்னால் சரக்கு ஏற்றும் சிறு வண்டி) வைத்திருக்கும் ஒருவர் குறைந்த காசுக்கு மொத்தமாக எடுத்துப் போகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? இல்லை, வாராவாரம் வீட்டுக் குப்பைக்கான கறுப்புப் பையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

கறுப்புப் பை விஷயம் சின்னது. மாநகராட்சிக் குப்பைப் பிரிவான டி.எஸ்.டபிள்யூவின் லாரி எடுப்பது வீட்டுக் குப்பையை. கட்டடக் கழிவு அந்தக் கணக்கில் வராது. அதை அகற்றுவது இடித்தவர் செலவு. செங்கல் கட்டி நிறைந்த பை தூக்கும்போதே கிழிந்து தொழிலாளியின் காலைப் பதம் பார்க்கும். பையை அப்படியே விட்டுப் போனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பக்கி விஷயம்தான் பெரியது. இந்தத் தொழிலில் நேர்மையாகப் பிழைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநகராட்சிக் குப்பைக்கிடங்கின் வாசலில் எடைமேடை இருக்கிறது. எடைக்குத் தக்கபடி கட்டணம். போகவர பெட்ரோல், ஏற்றி இறக்கக் கூலி. இதெல்லாம் போக அவருக்கும் நாலு காசு மிஞ்ச வேண்டும். அவர் கேட்கும் தொகை கிடங்குக் கட்டணத்துக்கே காணாது என்றால் சரக்கு எங்கே போகும்? உம்லாஸ் ஆற்றங்கரைக்கு, அல்லது யாரோ ஒருவருடைய காலி மனைக்கு.

அப்போது நீங்களும் மாட்டுவீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டுத் தேசியக் கழிவுச் சட்டம், 26ஆம் பிரிவில், அனுமதியில்லாத இடத்தில் கொட்டியவரோடு நிற்கவில்லை. தெரிந்தோ அசட்டையாகவோ கொட்டவிட்டவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. உச்சபட்ச தண்டனை 1 கோடி ராண்ட் அபராதம், அல்லது 10 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். ஒரு பக்கி லோடுக்கு அந்த உச்சத்தைத் தொடுவார்கள் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் குவியலைக் கிளறும் அதிகாரி தேடுவது பெயரும் முகவரியும் உள்ள காகிதத்தைத்தான். மிஞ்சிய கல்யாணப் பத்திரிகை ஒன்று அதில் கிடந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் பெயர் வரை தெரிந்துவிடும்.

அதே பக்கிக்காரரையே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. எந்தக் கிடங்குக்குக் கொண்டுபோகிறார் என்று கேளுங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பணத்தை முன்னால் கொடுத்து, எடைமேடைச் சீட்டைக் காட்டிய பிறகு மீதியைக் கொடுங்கள். சீட்டுக்குச் சம்மதிக்காதவர் வேண்டாம். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளை யாராவது கேள்வி கேட்டால் உங்கள் சாட்சி அதுதான்.

ஏற்றுமுன் குவியலைப் பிரித்தால் செலவு குறையும். காரை தட்டிய பழைய செங்கலை வாங்க ஆள் உண்டு. இரும்புச் சட்டமும் கம்பியும் பழைய இரும்புக் கடைக்கு. கடைக்காரர் உங்கள் அடையாள அட்டையைக் கேட்பார், தயங்காமல் காட்டுங்கள். பழைய பொருள் வியாபாரத்துக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பவர் விவரத்தை அவர் பதிய வேண்டும். ஜன்னல் கண்ணாடியைப் பாட்டில்களோடு சேர்த்து மறுசுழற்சிக்குப் போகும் ஒளிபுகும் பையில் போடாதீர்கள், அது உருகும் பதம் வேறு. சிமெண்ட் ஒட்டிய காகிதச் சாக்கும், காகிதம், பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கான ஆரஞ்சுப் பைக்கு ஆகாது. மரம், பிளாஸ்டிக் கலக்காத வெறும் கல்லும் மண்ணும் கிடங்கிலேயே குப்பையை மூடவும் உள்பாதை போடவும் பயன்படும். அப்படிப்பட்ட லோடுக்கு என்ன கட்டணம் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

இனி அந்த ஷீட். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து நம் ஜனங்களைக் கிளப்பிக் கொண்டுவந்து 1960களில் குடியேற்றினார்களே, அந்த வீடுகள் பலவற்றுக்கு இதுதான் கூரை. கூரையில் இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராது. உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். மூச்சில் போனால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட வரலாம். தென்னாப்பிரிக்கா 2008இலேயே ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டது. சாதாரணக் கிடங்கில் இதைக் கொட்டக்கூடாது. அபாயக் கழிவுக்கு உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே குவியலைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். லேசாகத் தண்ணீர் தெளித்து, கனமான பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, பிள்ளைகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோழிக்கூண்டுக்கு இரண்டு ஷீட் கொடுங்களேன் என்று பக்கத்து வீட்டு அண்ணன் வந்து நிற்பார், அவருக்கும் கொடுக்காதீர்கள். தொழிலாளர் துறையில் பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். செலவு கையைக் கடிக்கும், மறைப்பானேன்! இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, முறையாக அழித்ததற்கான சான்றிதழையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

இடிக்கும்போது ஷீட் நொறுங்கிச் செங்கலோடு கலந்திருந்தால், குவியல் முழுவதுமே ஆஸ்பெஸ்டாஸ் கழிவாகக் கருதப்படலாம். அதனால் செங்கலைப் பிரிப்பது, பக்கிக்காரரிடம் பேசுவது எல்லாம் அப்புறம். முதலில் ஒப்பந்தக்காரர் வந்து பார்க்கட்டும்.