நழுவிய டம்ளரை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்

"சென்ற மாதம் ஒரு காலையில் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவிவிட்டது, பத்து நிமிடம் கை தொங்கிப்போய்ப் பேச்சும் சற்றுக் குழறியது, பிறகு தானாகவே சரியாகிவிட்டது" என்பதை நான்கு பக்கக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதி முடித்திருக்கிறீர்கள், ஏற்காடு நாகலூர் வாசகரே. முதல் மூன்று பக்கங்களும், சீரற்ற இதயத் துடிப்புக்காக மருத்துவர் கொடுத்த, ரத்த உறைவைத் தடுக்கும் அபிக்சபான் மாத்திரையால் மூளைக்குள் ரத்தம் கசியும் என்று கைப்பேசியில் படித்ததையும், அதை நிறுத்திவிட்டு மருந்துக்கடையில் ஆஸ்பிரின் வாங்கிச் சாப்பிட்டு வருவதையும் பற்றியவை. அந்த மாத்திரை எந்த நோயைத் தடுக்க வேண்டியிருந்ததோ அந்தப் பக்கவாதம் உங்கள் சமையலறை வரைக்கும் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. இந்தப் பதில் அச்சாகும்வரை பொறுக்க முடியாது என்பதால், கடிதத்தில் இருந்த எண்ணில் உங்கள் மகளிடம் பேசி, அன்றே உங்களைச் சேலத்துக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுத்து, மூளையில் கசிவு இல்லை என்று உறுதியான பிறகு மாத்திரையை எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை அங்குள்ளவர்கள் சொல்வார்கள். விட்டுப்போன நாள்களுக்கும் சேர்த்து நீங்களாக விழுங்கும் வேலை வேண்டாம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு பகுதி உண்டு. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்குப் பெயர்ந்து, மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் அதுவே பக்கவாதம். துணுக்கு மிகச் சிறியதாக இருந்து தானே கரைந்துவிட்டால் கை பழைய நிலைக்கு வந்துவிடும். நோயாளியும் "ராத்திரி கையை மடக்கிப் படுத்திருப்பேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். கை சரியானதால் ஆபத்து விலகியதாகாது. பெரிய பக்கவாதம் வருவதானால், இப்படியொரு முன்னோட்டத்துக்குப் பின் வரும் முதல் சில நாள்களிலும் வாரங்களிலும்தான் அதற்கு வாய்ப்பு மிகுதி.

மூளையில் ரத்தம் கசிந்து இறந்த உங்கள் அண்ணனின் நினைவுதான் இந்த அச்சத்தின் வேர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அவர் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எதையும் சாப்பிட்டவரல்லர் என்றும், ரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகள் மருந்தே எடுக்கவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எமனாக வந்தது அந்தக் கவனிக்கப்படாத அழுத்தமாகவே இருக்க வேண்டும். நீங்களோ அந்தப் பழியை அபிக்சபான் மீது போட்டுவிட்டீர்கள்.

மாத்திரையால் கசிவு வரக்கூடும் என்பது பொய்யல்ல. எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்பதே கேள்வி. பக்கவாத ஆபத்தைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்தும் புள்ளிமுறையில், 65 வயதைக் கடந்ததற்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என 68 வயதான உங்களுக்கு ஏற்கெனவே மூன்று புள்ளிகள் இருந்தன. டம்ளர் நழுவிய காலையில், அந்த முன்னோட்டத்துக்கு இரண்டு சேர்ந்து அது ஐந்தாகிவிட்டது. ஆண்களுக்கு இரண்டு வந்தாலே மாத்திரை வேண்டும் என்பது நடைமுறை. ஆஸ்பிரின் அதற்கு மாற்று அன்று. 2011இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களைவிட அபிக்சபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் குறைவாக வந்தது. கடுமையான ரத்தக்கசிவிலோ இரு தரப்புக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அதே ஆண்டின் மற்றோர் ஆய்வில், பழைய உறைவுத் தடுப்பு மருந்தான வார்ஃபரினோடு ஒப்பிட்டபோது மண்டைக்குள் கசிவது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆக, கசிவுக்கு அஞ்சி நீங்கள் தேர்ந்தெடுத்த மாத்திரை கசிவையும் குறைக்கவில்லை, கட்டியையும் தடுக்கவில்லை.

கசிவை உண்மையிலேயே வரவழைக்கக்கூடியவை வேறு; அவற்றைப் பற்றி நீங்கள் கவலையே படவில்லை. முழங்கால் வலிக்கு வாரத்தில் மூன்று நாள் டைக்குளோஃபெனாக் போடுகிறீர்கள். இது அபிக்சபானோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும், மலம் தார் போலக் கறுத்துப்போகும். அபிக்சபானின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயது 80, எடை 60 கிலோவுக்குள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5க்கு மேல் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பொதுவாகக் குறைப்போம், உங்களிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும்விட, எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி நீங்களே மிளகு பறிக்கிறீர்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே ஒரு கீறலும் இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். மிளகைப் பறிக்க ஆள் வையுங்கள்.

கேட்டிருந்த மற்றவற்றில் பெரும்பாலானவை உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தகுந்தவையல்ல. துடிப்பு ஒன்று விட்டு ஒன்று வருவதால் தூக்கத்தில் இதயம் நின்றுவிடாது. காப்பிச் செடி கீறினால் ரத்தம் சற்று நேரம் கூடுதலாக வரும், விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும். மலை உயரம் இந்தக் கோளாறுக்குக் காரணமன்று. காலையும் மாலையும் ஒரு டம்ளர் காபி குடிக்கலாம். முருங்கைக் கீரையை விலக்க வேண்டாம். கீரைக் கணக்கெல்லாம் வார்ஃபரினும் அசிட்ரோமும் சாப்பிடுகிறவர்களுக்கு உரியது. அவர்களில் ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களும் உலோக வால்வு பொருத்தியவர்களும் இதைப் படித்துவிட்டு அபிக்சபானுக்கு மாறிவிடக் கூடாது. அவர்களுக்குப் பழைய மருந்தே சரியானது.

துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் மாத்திரையைப் பற்றிப் படித்து அஞ்சியதில் மட்டும் ஓரளவு நியாயம் இருக்கிறது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. தைராய்டு கெடலாம், கல்லீரலும், அரிதாக நுரையீரலும் பாதிக்கப்படலாம், நிறுத்திய பிறகும் பல வாரங்கள் உடம்பில் தங்கும். அதனால்தான் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டையும் கல்லீரலையும் பார்க்கிறோம். இப்போது சாப்பிடும் மெட்டோபிரோலாலிலேயே துடிப்பு அடங்கி, மேட்டில் ஏறும்போது மார்பு அடித்துக்கொள்வது நின்றுவிட்டால், உங்களுக்கு அமியோடரோன் தேவைப்படாமலே போகலாம். நிற்காவிட்டால் அப்லேஷனை நான் முன்னதாகவே யோசிப்பேன். தொடைச் சிரை வழியே கம்பி செலுத்தி, நுரையீரல் சிரைகள் மேலறையோடு சேரும் இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ மின் தொடர்பைத் துண்டிக்கும் சிகிச்சை அது. சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரும். ஆனால் "அதைச் செய்துகொண்டால் ரத்த மாத்திரையை விட்டுவிடலாமா" என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. ஐந்து புள்ளி உள்ளவருக்கு என் பதில், விடக் கூடாது என்பதே. அப்லேஷன் படபடப்பைத் தணிக்கும். உங்கள் வயதையும் சர்க்கரையையும் அழிக்காது.

இனி மகளுக்கு. வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும், தானே சரியாகுமா என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே கெடு; அதுவும் அவர் கடைசியாக நல்லபடியாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. நாகலூரிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும் என்பதால், நடுவில் வேறெங்கும் நிற்காமல், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போன்ற, சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய இடத்துக்கே செல்ல வேண்டும். வழியில் தண்ணீர், காபி, ஆஸ்பிரின் எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம். அபிக்சபான் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதைப் பொறுத்தே அந்த ஊசியைப் போடலாமா என்று முடிவு செய்வார்கள். ஆகவே மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.