தரகர் சொல்லும் நூறு வருடக் கணக்கு

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள ஃபிளாட் ஒன்று பார்த்திருக்கிறோம். "2015 மாதிரி வெள்ளம் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான், இனி பயமில்லை" என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். நூறு வருட வெள்ளம் என்றால், ஒவ்வொரு வருடமும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருமுறை வந்து போனதால் கணக்கு தீராது. 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு.

அதுவும் மழையை மட்டும் தனியாக எடுத்துப் போட்ட கணக்கு. 2015 டிசம்பர் 1, 2-இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அதற்கு முன்பே, நவம்பர் மழையில் ஏரிகள் தளும்பி, மண்ணும் ஊறிப்போயிருந்தது. காய்ந்த ஏரியில் அதே மழை விழுந்திருந்தால் இவ்வளவு சேதம் இல்லை. 2023-இல் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தது. மழை ஒரு பக்கம், பொங்கிய கடல் மறு பக்கம். வேளச்சேரித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் என்று சுற்றி முட்டுக்காட்டில்தான் கடலைத் தொடும். கடல் ஏறி நின்றால் தண்ணீரை வாங்காது. அமாவாசை, பௌர்ணமி நாட்களின் கடல் ஏற்றமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

வில்லங்கச் சான்று சுத்தம், வங்கியே கடன் தருகிறது என்பார்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வில்லங்கச் சான்றில் பத்திரங்கள் தெரியும், தண்ணீர் தெரியாது. வங்கி வக்கீல் பார்ப்பது உரிமையை. இத்தனை வெள்ளம் பார்த்தும், வீட்டில் எத்தனை அடி நின்றது என்று பத்திரத்தில் எழுதும் வழக்கம்கூட நமக்கு வரவில்லை. கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது.

மாடி வீடென்றால் யோசிக்கலாம். ஆனால் மீட்டர் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் சாக்கடை கலக்கும், குடிதண்ணீர் போச்சு. லிஃப்ட் மோட்டார், ஜெனரேட்டர் கீழே இருந்தால், வயதானவர்களோடு நாலைந்து நாள் மேலேயே அடைபட வேண்டியிருக்கும். இவை எல்லாம் உயரத்தில் இருந்தால் மட்டும் மாடி வாங்குங்கள்.

அப்புறம், தரகர் இல்லாமல் ஒருநாள் அந்தத் தெருவுக்குப் போங்கள். இஸ்திரி போடுபவரிடமும் எதிர்வீட்டு அம்மாவிடமும் 2015, 2023 இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்: எத்தனை அடி, எத்தனை நாள், கரண்ட் எப்போது வந்தது?